நூற்றுப் பன்னிரண்டு பாகை

கோணமலையிலே கோணம் அளக்கிறீர்கள்
என்று நான் சொன்னபோது
பஸ்மிலா சிரிக்கவில்லை.
கோணமானியின் ஒரு கையைத் தொடையிலும்
மறு கையைக் கணுக்காலை நோக்கியும் வைத்து
தொண்ணூற்று நாலு என்றாள்.
போன கிழமையும் தொண்ணூற்று நாலு.
"அழுங்க அக்கா, ஆனா காலை இழுக்காதீங்க."

முதல்முறை அறுந்தது மேடையில்.
அதற்கொரு மரியாதை இருந்தது.
தீர்மானத்தின் கடைசித் தட்டில்
உள்ளே ஈர விறகு முறிகிற சத்தம்.
மிருதங்கக்காரர் அதையும் கணக்கில் எடுத்து
ஒரு சொல் கூட்டி வாசித்தார்.

இரண்டாம்முறை
ஏகாம்பரம் வீதியில், ஓட்டோவால் இறங்கையில்,
கையில் ஒரு கிலோ பாரை.
நவம்பர் மழை, வாய்க்கால் மூடி.
மீன்பை கிழியவில்லை.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில்
ஒன்பது வருடத்துக்கு முன் நடனம் என்று எழுதினேன்.
இந்தமுறை எழுதுவினைஞர், நீர்வழங்கல் சபை.
தாதி அதை வாசித்துவிட்டு
எங்கட பக்கம் ஏன் பின்னேரத்தில தண்ணி வாறதில்லை என்றாள்.
மயக்கமருந்து ஏறும்வரை
குழாய் அழுத்தம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

முதல் நார் வலது தொடையின் பின்னாலிருந்து.
அதுவும் போனதால் இடது காலைத் திறந்து
ஒரு துண்டு எடுத்தார்கள்.
ஒரே வீட்டுக்குள் கைமாற்று. வட்டி இல்லை.
ஆனாலும் இரவில் இரண்டு காலும்
ஒன்றையொன்று பார்த்தபடி முழித்திருக்கின்றன.

கமலரூபன் மீன்கடையில் ஐஸ் வாங்கி வருகிறான்.
முழங்கால் ஒரு மாதமாகச் சூடை மணக்கிறது.
பூனை அதன்மேல்தான் படுக்கிறது.

ஏறும்போது நல்லகால் முதலில்,
இறங்கும்போது கெட்டகால் முதலில்.
பழமொழி அல்ல, படிக்கட்டு விதி.
எது நல்லது எது கெட்டதென்று
நடுப்படியில் நின்று யோசித்தால்
பின்னால் வருகிறவர்கள்
"பரவாயில்லை, மெதுவா" என்கிறார்கள்.
அந்த மெதுவாவைத்தான் தாங்க முடியவில்லை.
மூன்றாங்காலத்தில் ஆடியவள் நான்.
முதற்காலம்தான் கடினம் என்று
பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.
பொய்யென்று நினைத்துத்தான் சொன்னேன்.

கடற்கரையில் ஊன்றுகோல் புதையும்.
சீமெந்துக் கட்டோடு நின்றுகொள்கிறேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
ரோல்ஸ் சுற்றிய கடதாசியைத் தின்கிறது.
"இதுக்கு முழங்கால் பின்னால மடியுது, பார்."
அது முழங்கால் இல்லை, குதி என்றேன்.
முழங்கால் மேலே, வயிற்றோடு ஒட்டி, தோலுக்குள்.
பிறந்ததிலிருந்து விரல்நுனியில் நிற்கிறது,
குப்பைத்தொட்டியடியிலும்.

இனி ஆடுவீங்களோ என்று கேட்கிறார்கள்.
யாருக்கும் சொல்லாத ஒன்று:
முதல் கட்டு அவிழ்ந்தபின் ஒரு வருடம் ஆடினேன்.
கால் சரியாகத்தான் இருந்தது.
ஒருநாள் ஒப்பனையை அழிக்கையில்
போதும் என்றிருந்தது.
முழங்கால் விடுகுதில்லை என்று சொன்னேன்,
எல்லாரும் நம்பினார்கள்,
சலங்கையை யாருக்கோ கொடுத்தேன்.
முழங்கால் அதைக் கேட்டிருக்கும்.
எட்டு வருடம் பொறுத்துத்தான்
பில்லை நீட்டியிருக்கிறது.

நேற்று நூற்றுப் பன்னிரண்டு.
பஸ்மிலா எழுதிவிட்டு
பேனையை மூடாமல் என்னைப் பார்த்தாள்.
"கோணமலையில கோணம்" என்றாள்,
கிழமைகள் பிந்தி, சிரித்து.

இரவு வெங்காயமொன்று
அலுமாரிக்குக் கீழே உருண்டது.
கூப்பிட்டிருக்கலாம்.
தொட்டியின் விளிம்பைப் பிடித்து,
முதுகை நேராக்கி,
முழங்கால்களை வெளியே திருப்பி
இறங்கினேன்.
பாதிவழி. அதற்கொரு பெயர் உண்டு.
வெங்காயம் கைக்கு வந்தபிறகும்
அப்படியே நின்றேன்,
நாலு எண்ணும்வரை.
இரண்டாங்காலத்தில் எண்ணினால்
எட்டு.